மேல்மாடிக்காரியைத் தேடி மும்பைக்கு

சும்மா கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. துணிக்கடையில் கொடுக்கும் பையைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரர் முறுக்கு நீட்டினால், முதலில் அவர் ஒன்று தின்னட்டும் என்று காத்திருப்பேன். நான் வாத்தியார் வேலைக்கு வந்ததில் போலீஸ் இலாகாவுக்குத்தான் நஷ்டம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். இந்த ஆண்டு இளங்கலைப் பிள்ளைகளுக்கு 'நீதி' என்று புதிதாக ஒரு தாள் வந்திருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் யானை விலை. தமிழில் கிடைப்பவை, படிக்கிறவனைத் தூங்க வைக்கும் நோட்ஸ். எதை வைத்து நடத்துவது என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது நீதி பற்றிய ஒரு பாடத் தொகுப்பு அகப்பட்டது. தாராவியிலும் கோவண்டியிலும் நடந்த குடும்பச் சண்டைகள், குழாயடி வழக்குகள், பங்கீட்டுத் தகராறுகள், எல்லாம் நல்ல தமிழில் சின்னச் சின்னப் பாடங்களாக இருந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் கேள்விகள் உண்டு, பதில் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மாற்றலாம், வகுப்பில் நடத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று முகப்பில் போட்டிருந்தது. விளம்பரம் இல்லை, நன்கொடை கேட்கவில்லை, எழுதியவர் பெயரும் இல்லை. முகப்பை மேலும் கீழும் மூன்று தரம் உருட்டிப் பார்த்தேன்.

அதில் ஒரு பாடத்தின் பெயர் 'ஏணி'. தாராவியில் ஒரு வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். மேலே போவதற்கு, அண்ணன் வாசலில் நிற்கும் இரும்பு ஏணிதான் வழி. தம்பி இறந்துபோகிறார். வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று கணக்கெடுக்க ஆட்கள் வருகிறார்கள்; கணக்கில் வந்தவர்களுக்குத்தான் புது வீடு. தம்பியின் மனைவி அன்று வேலைக்குப் போயிருக்கிறாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அது எங்கள் சாமான் அறை, ஆள் யாரும் இல்லை என்று அண்ணன் சொல்லிவிடுகிறார். அவர் செய்தது அநியாயமா, குடும்பத்தைக் காப்பாற்றச் செய்ததா என்று பாடம் கேட்கிறது. அவள் அதில் முழுக்க 'மேல்மாடிக்காரி', அவர் 'கீழ்வீட்டுக்காரர்'.

பிரமாதமான பாடம். அதனாலேயே சந்தேகம் கூடியது. இவ்வளவு கச்சிதமான ஒரு கதை நிஜத்தில் நடக்குமா? துறைத்தலைவரும் அதைத்தான் கேட்டார். எந்தக் கட்சிக்காரன் எழுதியது, எந்த மதக்காரன் எழுதியது, நாளைக்கு எவனாவது வந்து சண்டை பிடித்தால் யார் பதில் சொல்வது என்றார். ஒரு மனுஷியாவது நிஜம் என்று நான் உறுதி சொன்னால் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாகச் சொன்னார். விடுமுறை வந்தது. மாட்டுங்காவில் பெரியம்மா மகள் வீடு இருக்கிறது. கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே என் புத்தி என்னைப் பழி வாங்கியது. தாதரில் இறங்கி மாட்டுங்காவுக்கு லோக்கல் பிடிக்க வேண்டும். பெண்கள் பெட்டியில் ஏறி நின்றதும், கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் இந்தியில், இது ஃபாஸ்ட் வண்டி, மாட்டுங்காவில் நிற்காது, இறங்கு என்றார். என் இந்திக்கே அது புரிந்தது. ஆனால் கூட்டத்தில் இடம் பண்ணத்தான் என்னை இறக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாட்டுங்கா என் கண்ணெதிரே ஓடிப்போனது. பிறகு சயானும் போனது. குர்லாவில்தான் இறங்க முடிந்தது. அந்த அம்மாளும் கூடவே இறங்கி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே என்னை இழுத்துப்போய்த் திரும்பும் ஸ்லோ வண்டியில் ஏற்றிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாட்டுங்காவில் இலைச் சாப்பாடு. எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டாம் முறை ரசம் கேட்டால் நம் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். இங்கே பரிமாறுகிறவர் நான் கேட்காமலே ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டு வந்தது, மறுபடி கூட்டு வந்தது. இதற்கெல்லாம் தனியாகப் பில் வருமா என்று கேட்டேன். அவருக்கு அறுபது வயதாவது இருக்கும். "ரசத்துக்கு யாரும் பில் போட மாட்டா மாமி, கையை எடுங்கோ, சுட்டுடப் போறது" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். பில் வந்ததும் வரி வரியாகப் படித்தேன். ரசம் இல்லை. மோர்க்குழம்பு மட்டும் எங்கள் ஊரைவிட நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் செம்பூர். பாடங்களைத் தொகுக்கிறவர்களில் ஒருவரான வத்சலா அங்கே ஒரு பழைய காலனியில் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தப் பாட வேலை. என் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டவர் அவர்தான். வாசலில் கோலம், உள்ளே புத்தகம், ஜன்னலைத் திறந்தால் டிராம்பே பக்கமிருந்து எண்ணெய் வாடை. நான் உட்கார்ந்ததும் சுவரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன். தலைவர் படம் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று. மருமகன் கல்யாணப் படமும் ஒரு காலண்டரும்தான் இருந்தன.

கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டேன். பணம் யார் தருகிறார்கள்? யாரும் தருவதில்லை. வீடுகளை இடித்துக் கட்டப்போகிற கம்பெனிக்காரர்கள் பின்னால் இருக்கிறார்களா? சிரித்தார். வெளிநாட்டு ஆட்கள்? இல்லை. அப்படியானால் எதற்காக இலவசம் என்று நான் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் சொன்னார்:

"காசு வாங்கினா, யாரோட கஷ்டத்துக்கு யார் வாங்கறது, சொல்லுங்கோ?"

காபியை ஒரே மடக்கில் குடித்தேன். பிறகு வேறு பக்கம் தோண்டினேன். பெயர் ஏன் போடுவதில்லை? அதுதான் அவர்களுடைய முதல் விதியாம். ஊர் முழுக்கப் படிக்கப்போகிற ஒன்றில் யாருடைய பெயரும் வந்து, அவர்களுக்குக் கஷ்டம் வந்துவிடக் கூடாது. இரண்டாவது விதி, எழுதி முடித்ததும் வெளியிடுவதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டுவது. தாராவியில் பல பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறும். அதனால் கேட்டுவிட்டுச் சரியா தப்பா என்று அவர்கள் சொல்லலாம். ஒருவருக்குத் தனியாகவும் மற்றவருக்குத் தனியாகவும் படித்துக் காட்டினால் அது நியாயமில்லை என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். 'ஏணி' பாடத்தையும் அப்படித்தான் படித்தார்களாம். இரண்டு பேரும் தலையாட்டினார்களாம்.

சொல்லும்போது வத்சலா முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. நானும் மனதுக்குள் பாராட்டினேன். ஆனாலும் அவளைப் பார்க்க முடியுமா என்றுதான் கேட்டேன். மேல்மாடிக்காரி நிஜமாக இருக்கிறாளா என்று சந்தேகமா என்றார் அவர். ஆமாம் என்றேன். எதற்கு ஒளிக்க வேண்டும்? அவர் கோபப்படாமல், மறுநாள் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் மாட்டுங்காவுக்கு வர மாட்டேன், சயானோடு சரி என்றார். அதிகம் பிடுங்கப் பார்க்கிறார் என்று இன்னொருவரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். மூன்றாமவரும் சொன்னார். எல்லாரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஆடுகிறார்கள் என்று பஸ்ஸில் போனேன். சயானைத் தாண்டி ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை என்று பெரியம்மா மகள் சொல்லித்தான் தெரிந்தது. பஸ்ஸில் நின்ற கால்வலி ராத்திரி வரைக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தாராவி. இங்கே நடப்பதற்கு ஒரு முறை உண்டு. எதிரே வருகிறவருக்கு நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தவருக்கு அவர் ஒட்டிக்கொள்வார். அப்பள வட்டங்களைக் காயவைத்திருந்த கூடைகளைத் தாண்டி, ஒரு தோல் பட்டறையின் வாடையைத் தாண்டிப் போனோம். யாரோ யாரையோ "ஏலே" என்று கூப்பிட்டார்கள். திருநெல்வேலி பஸ் நிலையத்தில் நிற்கிறேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. கையில் காகிதமும் தோளில் பையுமாக வருகிற என்னை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தவளை ஒரு சந்து முழுக்கச் சந்தேகப்பட்டது.

கீழ்வீட்டு வாசலில் ஒருவர் பல் குத்திக்கொண்டு நின்றார். அவர்தான் அண்ணன்; தாசன் என்பது இங்கே நான் வைத்த பெயர். "என்ன, சர்வேயா?" என்றார் என்னிடம். வத்சலாவைக் கண்டதும் முகம் மாறி, உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். வில்லனை எதிர்பார்த்து வந்தவளுக்கு, பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டுகிற ஒரு பெரிய மனுஷர் கிடைத்தார். மறைக்காமல் பேசினார். தம்பியைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தது அவர். மாடி கட்டக் கல்லும் தகரமும் சுமந்தது அவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒரே வாசல்ல ரெண்டு பேரு கேட்டா ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிரும் டீச்சர். அவளை நான் நடுத்தெருவுலயா விட்டுருவேன்? புது வீடு வந்தா எங்ககூடத்தான இருப்பா" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன். அங்கே உட்கார்ந்து அவர் டீயைக் குடித்துக்கொண்டே வேறு எப்படித்தான் ஆட்டுவது?

ஏணி செங்குத்து. பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கியது. சேலையைச் செருகிக்கொண்டு நான் ஏறிய அழகைப் பார்த்துக் கீழே இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மேலே ஒரே அறை. தையல் மிஷின், பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணிக்குவியல், மாதா படம். மிஷினுக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். பாடத்தில் கூரை ஒரு மூலையில் ஒழுகும் என்று இருந்தது. நான் கூரையைப் பார்த்தேன். ஒழுகும் இடத்துக்குக் கீழே பக்கெட் இருந்தது. இதையும் செட் பண்ணி வைத்திருப்பார்களோ என்று என் புத்தி போயிற்று. அப்புறம் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். துருத் தண்ணீர் நாலு விரல் நின்றது. சரி, இருக்கிறாள் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. பாடம் நன்றாக இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு நடத்தப்போகிறோம் என்று மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காவ. ஒரு பொய் கெடையாது," என்றாள் அவள். கையிலிருந்த காலர் துணியை மடித்தாள். "ஆனா மேல ஆளே இல்லன்னு அத்தான் சொன்னாவ. மேல ஒரு ஆளு இருக்குன்னு நீங்க சொன்னிய. பேர ரெண்டு பேருமே சொல்லல."

அத்தான் என்றது கணவரின் அண்ணனை. வத்சலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அது உங்கள் நன்மைக்காகத்தான் என்று ஆரம்பித்தார். கணக்கில் பெயர் இல்லை, நீதி என்று போட்ட புத்தகத்திலும் இல்லை என்றால் என் பெயர் எங்கேதான் இருக்கும் என்று அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை. வத்சலா தடுமாறி, "அன்னிக்குப் படிச்சுக் காட்டினப்போ தலையாட்டினேளே?" என்றார்.

"அத்தான் பக்கத்துல இருந்தாவல்ல. பின்ன ஆட்டாம எப்படி இருக்க?"

வத்சலா துணிக்குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டு தரப்பையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் நியாயம் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். பாயிலிருந்து எழுந்தபிறகு அவள் எந்த ஏணியில் ஏற வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. சொல்லப்போனால் நானும் யோசிக்கவில்லை. பாடத்தை ஊரில் வைத்து அத்தனை தரம் படித்தேன். ஆள் நிஜமா என்றுதான் நோண்டினேன். பெயர் இல்லாமல் இருப்பது அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அவர்கள் தொகுப்பில் பெயர் சேர்க்க வேண்டுமானால் மற்றவர்களோடு கூடிப் பேச வேண்டும், நாள் ஆகும் என்றார் வத்சலா. யாரும் மாற்றலாம் என்று முகப்பில் நீங்கள்தானே போட்டிருக்கிறீர்கள் என்றேன் நான். எங்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் நான் போடும் பிரதியில் நானே மாற்றிக்கொள்ளலாம். ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை, அவளைத் தவிர. வத்சலா, "போடலாம்தான், ஆனா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஆனா எனக்கும் இருந்தது.

அதனால் அவளிடம் கேட்டேன். பெயர் போட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா? ஏணியை எடுத்துவிடுவார்கள், அது அவர்கள் வாசலில்தானே நிற்கிறது என்றாள். அப்புறம்? அப்புறம் பார்க்க வேண்டியதுதான். கீழே இருக்கிறவர் பெயரும் போட வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அது அவர் கேட்டால் போடுங்கள் என்றாள். நான் இதையே திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகக் கேட்டேன். எனக்கு ஒரு தரம் சொன்னால் போதாது. கடைசியில் அவள் என்னையே பார்த்தாள்.

"உங்க பேரு என்ன டீச்சர்?"

அப்போதுதான் உறைத்தது. அந்தச் சந்துக்குள் நுழைந்ததிலிருந்து நான் யாரிடமும் பெயர் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று, கல்லூரி டீச்சர் என்பதோடு நிறுத்தியிருந்தேன். சொன்னேன். பேரைச் சொல்ல உங்களுக்கே இவ்வளவு யோசனை என்று அவள் சிரித்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். சகாயமேரி. அங்கேயே, துணிக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, 'மேல்மாடிக்காரி' வந்த இடத்திலெல்லாம் சகாயமேரி என்று போனில் மாற்றினேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். இன்னொரு தரம் படித்தாள். சரி, போடுங்கள் என்றாள். போட்டேன்.

இறங்கி வரும்போது தாசன், அதற்குள்ளாகவா கிளம்பிவிட்டீர்கள், மத்தியானம் மீன் குழம்பு இருக்கிறது என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொன்னேன். வத்சலாவும் நானும் சயான் வரை நடந்தோம். வழியில் ஒரு கடையில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். நல்ல பசி. ஆனாலும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நான்காம் நாள் ஊருக்கு ரயில். கர்ஜத் தாண்டி வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தபோது வத்சலா கூப்பிட்டார். சகாயமேரி நேற்றுச் சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு கீழே போய், தாசனிடம் தானே பாடத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம். இன்று காலையில் ஏணியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "நம்மளால வந்தது. தயவுசெஞ்சு பேரை எடுத்துடுங்கோ, பின்னாடி பேசிக்கலாம்" என்றார். அதற்குள் ரயில் ஒரு மலைக்குகைக்குள் நுழைந்து பேச்சு அறுந்துவிட்டது.

பயந்துபோனேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நான் வகுப்பில் நடத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தோசை சுடுவேன், அவளோ அந்த அறையில் அந்தரத்தில் நிற்கிறாள். இலவசம் என்றால் யாரோ ஒருத்தர் எங்கேயோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று இத்தனை வருஷமாக நான் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. கொடுக்கிறவள் யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அழிக்க விரலைக் கொண்டுபோனேன். ஒரு குகை முடிந்தால் இன்னொரு குகை. எதிர் சீட்டுக்காரர் கேரட் அல்வா நீட்டினார். ஒன்றும் யோசிக்காமல் வாங்கித் தின்றேன், ருசிகூடத் தெரியவில்லை.

லோனாவ்லாவில் சிக்னல் வந்தது. எடுப்பதற்கு முன்னால் அவளிடம் கேட்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டேன். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். எப்படி இறங்கி ஏறுவீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அவர்கள் ஏணியைச் சாத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம், இன்றைக்கு முடிக்க வேண்டிய சட்டைகள் நிறையக் கிடக்கின்றனவாம், அதனால் இப்போதைக்கு இறங்கவும் வேண்டாமாம். நான் தயங்கித் தயங்கி, பெயரை எடுத்துவிடட்டுமா என்றேன். மிஷின் சத்தம் நின்றது.

"பேர எடுத்துராதிய டீச்சர்," என்றாள். "ஏணி இல்லாட்டியும் நான் மேலதான இருக்கேன்."